பிலாத்துவிடம் பெண் கேட்ட வெள்ளிக்கிழமை

கடல் கடந்தும் பாலைவனம் கடந்தும் தேடிப் போய், உலகத்தின் மாபெரும் மதங்களை அவற்றின் ஆதி ஊற்றிலேயே அள்ளிப் பருகிய ஞானிகள் வெகு சிலர். அந்தச் சிலரில் தாமும் ஒருவராகிவிட்டதாகப் பாணேர்ப் பகுதி ரவிசந்திரன் உறுதியாக நம்பினார். அவர் கடல் எதையும் கடக்கவில்லை. ஹால் சோபாவில் சாய்ந்து, கால்களை டீப்பாய் மேல் போட்டு, ஒரு வாரமாக யூடியூபை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம், சென்ற வாரத்து ரசம்.

மகன் சபரி, அம்மா வனஜா ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, ஹடப்சர் அலுவலகத்தில் தன்னோடு வேலை செய்யும் ஸ்நேஹாவைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். ஸ்நேஹா, அதே மராட்டிய நகரத்தின் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கப் பெண். வனஜாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ரவிசந்திரன் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மதம் ஒரு தடையே இல்லை. அறியாமைதான் தடை" என்றார். ஐ.டி. கம்பெனியில் டெலிவரி ஹெட் ஆன நாளிலிருந்து, ஸ்லைடில் போடத் தகுந்த வாக்கியங்களில்தான் அவர் பேசுவது வழக்கம்.

அறியாமையைப் போக்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் கேட்டுப் போகுமுன் ஈஸ்டரின் தோற்றமும் பொருளும் தமக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். தோற்றத்தில் ஆரம்பித்தவர், வெள்ளிக்கிழமை காலை வரையில் தோற்றத்திலேயே இருந்தார். பொருளுக்கு வந்து சேரவில்லை.

ஸ்நேஹா சபரியிடம் சொல்லி அனுப்பியது சுருக்கமான சேதி. "சண்டே லஞ்ச்சுக்கு நிர்மல் ஃபேமிலி வர்றாங்க. டாடி அன்னிக்கே அவங்களுக்கு ஹான், சரின்னு சொல்லிடுவார். அதுக்கு முன்னாடி உங்க வீட்ல இருந்து வந்தே ஆகணும். பாத் மே, அப்புறமா பேசிக்கலாம்னு இருந்தா, பாத் மே என் கல்யாணத்துக்குத்தான் வருவே."

நிர்மல் என்பவன் ஸ்நேஹாவின் அப்பா ஆரோக்கியசாமி பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை. துபாயில் வேலை, பிம்ப்ரியில் ஃபிளாட், வருஷா வருஷம் வேளாங்கண்ணி. குறை சொல்ல எதுவும் இல்லாதவன் என்பதுதான் ஸ்நேஹாவுக்கு அவனிடம் இருந்த குறை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் என்றால் சனிக்கிழமை இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை ரவிசந்திரனின் அடுக்குமாடிச் சங்கத்தில் பொதுக்கூட்டம். லிஃப்ட் பராமரிப்புப் பற்றி அவர் பேசவில்லை என்றால் லிஃப்ட் ஓடும், ஆனால் கூட்டம் ஓடாது என்பது அவர் எண்ணம்.

"வெள்ளிக்கிழமையே போயிடலாம். ஆபீஸ் கேலண்டர்ல ஃபெஸ்டிவல் ஹாலிடேன்னு போட்டிருக்கு" என்றார்.

"ஏனுங்க, அன்னிக்குத்தானே அவரைச் சிலுவைல அறைஞ்சது?" என்றாள் வனஜா. "அன்னிக்குப் போயிப் பொண்ணு கேக்கறதா?"

"அதைத்தான் கொண்டாடறாங்க. தீமை தோத்துப்போன நாள். நாம தீபாவளி கொண்டாடறதில்லையா?"

"தீபாவளிக்குச் செத்தது நரகாசுரனுங்க."

"கான்செப்ட் ஒண்ணுதான், வனி."

ஒரு வாரம் படித்தவரிடம் ஒரு நாளும் படிக்காதவள் என்ன வாதாட முடியும்? வனஜா மாம்பழ நிறத்தில் பட்டுப் புடவை கட்டினாள். தலை கொள்ளாமல் மல்லிகை வைத்தாள். காஜு கத்லி ஒரு பெட்டி, ரோஜாப் பூங்கொத்து ஒன்று, இவற்றோடு ரவிசந்திரனின் ஆராய்ச்சியின் பலனாக, பட்டு ரிப்பன் கட்டிய கூடை நிறைய சாக்லேட் முட்டைகள். முட்டை ஏன் என்பதைக் கார் பாணேரை விட்டு யுனிவர்சிட்டி சர்க்கிள் வந்து சேரும் வரையில் அவர் விளக்கினார். வசந்த காலம், புது உயிர், ஓட்டை உடைத்துக்கொண்டு வருவது.

பின் சீட்டில் சபரி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்நேஹாவுக்கு அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் ஒற்றை டிக்தான் நின்றது.

"எடுக்கவே மாட்டேங்கறாப்பா."

"பண்டிகை வேலைல இருப்பாடா, கண்ணு" என்றார் ரவிசந்திரன்.

பெரிய வெள்ளியன்று ஸ்நேஹா தன் ஃபோனை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவாள். மற்றவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் கறி மீனை விடுவார்கள். அவளுக்குக் கறி விடுவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

●

அதே நேரத்தில் கட்கியில், தேவாலய வளாகத்து வேப்ப மரத்தடியில், ஆரோக்கியசாமி ஒருவருக்கு மரண தண்டனை விதித்துக்கொண்டிருந்தார்.

பெரிய வெள்ளியன்று கட்கித் தமிழ்ச் சபையார், ஏசுவின் சிலுவைச் சாவைக் காட்டும் பாஸ்கா நாடகம் போடுவார்கள். அதில் ஏசுவுக்குத் தண்டனை விதித்துவிட்டுக் கை கழுவும் ஆளுநர் பிலாத்து எப்போதும் ஆரோக்கியசாமிதான். வெடிமருந்துத் தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். மைக் அவருக்கு அவமானம்.

"ஏசுவா நடிக்கிறதுக்கு தாடி இருந்தா போதும்" என்பார். "பிலாத்துக்கு பர்சனாலிட்டி வேணும். கவர்னர் போஸ்ட் அது. சும்மாவா?"

வெள்ளைப் பெட்ஷீட்டைத் தோளில் மடித்துப் போட்டு, மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த தங்க ஜரிகை பார்டரை ஓரத்தில் தைத்து, கன்னத்தில் ரோஸ் பவுடர் பூசி, பித்தளைத் தாம்பாளத்தில் அவர் கை கழுவும் காட்சியைப் பார்க்க ரேஞ்ச் ஹில்ஸ் குடியிருப்பிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். விரல் விரலாகக் கழுவுவார். அவர் கழுவி முடிப்பதற்குள் சிலுவை சுமக்க வேண்டியவர் ஒரு முறை நிழலுக்குப் போய் நின்றுவிட்டு வந்துவிடலாம்.

அன்றும் கழுவி முடித்துத் துண்டில் துடைத்தார். ஊர்வலம் புறப்பட்டது. சிலுவை, சிப்பாய்கள், முக்காடு போட்டு அழுதுகொண்டு வரும் எருசலேம் பெண்கள். பின்னால் கறுப்பும் வெள்ளையுமாக உடுத்திய ஜனங்கள். யாரும் பேசவில்லை. கோயில் மணிகூட அன்று அடிப்பதில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஏப்ரல் வெயிலில் அந்தக் கட்டைச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் சிலுவையேற்றும் கல்வாரி மலைக்குப் போகும் வழியில் ஓர் எஸ்யூவி வந்து நின்றது.

ஈட்டி பிடித்த ரோமானியச் சிப்பாய் ஒருவன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான். "காகா, காடி திக்கடே லாவா" என்று வண்டியை ஓரமாகப் போடச் சொன்னான். சபரி இறங்கி ஸ்டியரிங்குக்கு வருவதற்குள் ரவிசந்திரன் பூங்கொத்தோடு இறங்கி நடந்துவிட்டார். கூட்டத்தில் கம்பீரமாக நின்றவர் ஒருவர்தான். சபரி காட்டிய புகைப்படத்து மீசையும் அதே மீசை. நேராகப் போய் அவர் கையில் பூங்கொத்தைத் திணித்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"ஹேப்பி குட் ஃப்ரைடே, சம்பந்தி."

கட்டைச் சத்தம் நின்றது.

ஆரோக்கியசாமி பூங்கொத்தைப் பார்த்தார். பிறகு தம்மைச் சம்பந்தி என்று அழைத்த மனிதரைப் பார்த்தார். ஆளுநராக இருந்த அத்தனை வருஷத்தில் அவருக்கு இப்படி ஒரு நிலைமை வந்ததில்லை.

எருசலேம் பெண்களில் ஒருத்தி முக்காட்டை விலக்கினாள். ஸ்நேஹா. அதுவரையில் நடிப்புக்காக அழுதுகொண்டிருந்தவள், இப்போது அழுகையை நிறுத்திவிட்டாள். காரைத் திருப்பிக்கொண்டிருந்த சபரியும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அலமாரியில் இருக்கும் ஃபோனைப் பற்றி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

வனஜா இன்னும் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அழுகிற பெண்கள். கறுப்புத் துணி. ஊதா நிறத் துணி போட்டு மூடிய சிலைகள். பக்கத்தில் கண்களைத் துடைத்துக்கொண்டு நின்ற பெண்மணியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, யாராச்சும் தவறிட்டாங்களா?"

"ஆண்டவர் செத்த நாளும்மா" என்றாள் அந்தப் பெண்மணி. அவள்தான் லூர்துமேரி, ஸ்நேஹாவின் அம்மா.

வனஜா ஒரு நொடி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு நரகாசுரன் எரிந்து போனான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ரவிசந்திரனுக்கு எப்படி மேடையோ, வனஜாவுக்கு அப்படித் துக்க வீடு. சங்கத்தில் எந்த மாடியில் யார் போனாலும் முதலில் போய் உட்காருவது அவள்தான். எந்தத் துக்கத்துக்கு எந்தப் புடவை, எவ்வளவு நேரம், யாரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், யார் கையைப் பிடித்தால் போதும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மராட்டித் துக்க வீடுகளில் வந்து 'நமஸ்தே' என்று சொல்லிவிட்டு உட்காருகிறவர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

காஜு கத்லியும் முட்டைக் கூடையும் டிக்கிக்குள் போயின. தலை மல்லிகை கார் டாஷ்போர்டுக்குள் போயிற்று. மாம்பழப் பட்டின் மேல், ரவிசந்திரனின் சாம்பல் நிற யோகா டவலைப் போர்த்திக்கொண்டாள். நேராக லூர்துமேரியிடம் வந்து, வணக்கம் சொல்லாமல், பெயர் கேட்காமல், இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணீர் வருமா என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. கணவரைப் பற்றி நினைத்தாலே போதுமாக இருந்தது.

லூர்துமேரி திகைத்தாள். பிறகு அவளும் அழுதாள். இத்தனை நேரம் அழுததைவிட இது கொஞ்சம் நிஜமாக இருந்தது.

●

மூன்று மணி வழிபாடும் முடிந்து, ரயில்பாதை ஓரம் இருந்த ஆரோக்கியசாமி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டிவி மேல் துணி போட்டிருந்தது. ஆரோக்கியசாமி பெட்ஷீட்டை அவிழ்த்துவிட்டுச் சட்டை போட்டிருந்தார், ஆனால் கன்னத்து ரோஸ் அப்படியே இருந்தது. யாரும் சொல்லவில்லை.

"சார்" என்று ஆரம்பித்தார். சம்பந்தி என்ற சொல்லை அவர் எட்டத்திலேயே நிறுத்தியிருந்தார். "இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரிஞ்சுதானே வந்தீங்க? எங்க ஜனம் பச்சத் தண்ணி குடிக்காம நிக்கிது. நீங்க பூவைக் குடுத்து ஹேப்பின்றீங்க. ஃபாதர் பாத்துகினு நிக்கிறாரு."

"மன்னிக்கணும். ஆனா நான் ஸ்டடி பண்ணிட்டுத்தான் வந்தேன்" என்றார் ரவிசந்திரன்.

"அதான் தெரிஞ்சிதே."

"டாடி" என்றாள் ஸ்நேஹா.

"நீ சும்மா இரு பேட்டா. சண்டே நிர்மல் வீட்ல வர்றாங்க. அவுங்களுக்கு யாரும் இன்னிக்கு இன்னா நாளுன்னு சொல்லித்தர வேண்டாம். அந்தப் பையன் துபாய்லகூட நோன்பு இருக்கான்."

ஸ்நேஹா சபரியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. இன்று காலையிலிருந்து அவள் நிறைய அழுதிருந்தாள், எல்லாம் வேறொரு காரியத்துக்காக.

ரவிசந்திரனுக்குத் தம் ஒரு வார உழைப்பு கண்ணெதிரில் வீணாவது பொறுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு கேள்வி சார். ஈஸ்டர் வருஷா வருஷம் ஏன் தேதி மாறி வருது? கிறிஸ்துமஸ் மாறறதில்லை. இது மட்டும் ஏன்?"

ஆரோக்கியசாமி இத்தனை வருஷமாகக் கோயில் நிர்வாகத்துப் பங்குப் பேரவையில் இருக்கிறார். ஊர்த் திருவிழாவுக்குக் கொடி ஏற்றுவது அவர்தான். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவரும் யாரிடமும் கேட்டதில்லை.

"அது ரோம்ல முடிவு பண்றாங்க" என்றார். "மேலேர்ந்து ஆர்டர் வரும்."

"எதை வெச்சு முடிவு பண்றாங்க?"

"அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல்."

தொழிற்சாலையில் இந்தச் சொல்லுக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். ரவிசந்திரன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரல்ல.

"நைசியான்னு ஒரு ஊர்ல ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால பெரிய சபை கூடிச்சு" என்று எழுந்தே நின்றுவிட்டார். "வசந்த காலத்துல பகலும் இரவும் சமமா வர்ற நாள் ஒண்ணு இருக்கில்லீங்களா, ஈக்வினாக்ஸ். அதுல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்கப்புறம் வர்ற முதல் பௌர்ணமியைக் கண்டுபிடிக்கணும். அந்தப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான் ஈஸ்டர். அதாவது சூரியனோட கணக்கு, சந்திரனோட கணக்கு, வாரத்தோட கணக்கு, மூணையும் இன்டக்ரேட் பண்ணி..."

"திதி" என்றாள் வனஜா.

"என்ன?"

"பௌர்ணமி பாத்துச் செய்யறாங்க. திதி. எங்க மாமனாருக்கும் வருஷா வருஷம் தேதி மாறித்தானுங்க வருது." லூர்துமேரியைப் பார்த்து, "இதுக்குப் போயி இவரு ஒரு வாரம் சோபாவைத் தேச்சாருங்க்கா" என்றாள்.

லூர்துமேரி இத்தனை நேரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். "அதானே பாத்தேன். எங்கம்மா இந்த வாரம் பூரா நிலாவைப் பாத்துகினே இருப்பாங்க. ஏன்னு நான் கேட்டதே இல்ல."

ரவிசந்திரன் உட்கார்ந்தார், ஆரோக்கியசாமி நாற்காலியில் சாய்ந்தார். ஒருவருக்குத் தெரிந்தது போயிற்று, ஒருவருக்குத் தெரியாதது போயிற்று. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நஷ்டம்.

லூர்துமேரி கோயிலிலிருந்து கொண்டுவந்த கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றி, ஓரத்தில் தேங்காய்த் துவையல் வைத்துக் கொண்டுவந்தாள். ரவிசந்திரன் உடனே வாங்கிக்கொண்டார். வனஜா கும்பிட்டு மறுத்தாள்.

"துக்க வீட்டுல கை நனைக்கக் கூடாதுங்க்கா."

"இது ஆண்டவர் கஞ்சிம்மா. வழிபாடு முடிஞ்சா எல்லாரும் குடிப்பாங்க."

"அப்படீங்களா" என்று வாங்கி, ஒரு வாய் குடித்துக் கீழே வைத்தாள். அதையும் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆரோக்கியசாமி அவளைக் கவனித்தார். போர்த்திய டவல், பூவில்லாத தலை, தரையில் உட்கார்ந்த விதம். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"பரவால்ல. உங்களுக்காவது மரியாத தெரியுது. வந்த விஷயத்தச் சொல்லுங்க."

சபரி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஸ்நேஹா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"வந்த விஷயத்தை இன்னிக்குப் பேசக் கூடாதுங்கண்ணா" என்றாள் வனஜா.

"ம்?"

"துக்கம் நடந்த வீடு. இன்னிக்குப் போயி நல்ல காரியம் பேசுனா நல்லாவா இருக்கும்? பதினாறு முடியட்டும். அப்பறம் முறைப்படி தட்டோட வர்றோம்."

ரவிசந்திரன் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கினார். சபரி, "அம்மா" என்றான்.

"பரோபர்" என்றார் ஆரோக்கியசாமி. நியாயம் என்று அர்த்தம். பதினாறு நாளில் நிர்மலுக்கு மோதிரமே போட்டுவிடலாம் என்ற கணக்கும் அந்தச் சொல்லில் இருந்தது. "பதினாறு முடியட்டும். அதான் முறை."

கல்யாணம் கெட்டது எதனால் என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், மரியாதையால் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஸ்நேஹாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஆன்ட்டி, பதினாறு நாள் எல்லாம் இல்ல. அவர் சண்டே எழுந்துடுவார்."

"யாரு?"

"ஏசு. செத்துட்டார்ல? சண்டே மார்னிங் திரும்ப உயிரோட வந்துடுவார். ஈஸ்டர்னா அதுதான். மூணாம் நாள்."

வனஜா யோசித்தாள். சிலுவையும் தெரியும், கல்லறையும் அங்கங்கே கேள்விப்பட்டதுதான். ஆனால் துக்க விசாரணை நிபுணராக அவள் இந்தக் கோணத்தில் இதைப் பார்த்ததில்லை.

"நெசமாவே வந்துடுவாருன்னுதான் உங்க கணக்கா? ஆவியா, கீவியா இல்லாம?"

"நிஜமா, ஆன்ட்டி. வந்து மீன்கூடச் சாப்பிடுவார்."

"அப்பத் தீட்டு?"

வெளியே லோக்கல் ரயில் ஒன்று சிவாஜி நகர்ப் பக்கம் போயிற்று. அது போய் முடியும் வரையில் ஆரோக்கியசாமிக்கு யோசிக்க நேரம் கிடைத்தது, பயன்படவில்லை.

"அது வந்து..." என்றார். "ஃபாதரைக் கேக்கணும்."

"கூகுள்ல இது வராது" என்றார் ரவிசந்திரனும். அவர் ஃபோனில் தேடிவிட்டிருந்தார்.

"இதுல ஃபாதரை இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்றாள் லூர்துமேரி. கிண்ணங்களை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "போனவரே வாசல்ல வந்து நின்னா ஏது தீட்டு? அழுத அழுகைகூடச் செல்லாது. எங்கண்ணன் செத்துப்போன வருஷம் நான் ஈஸ்டர் பூசையில நின்னுகினு, இதையேதான் நினைச்சேன். மூணாம் நாள்னு சொல்றீங்களே, எங்கண்ணனுக்கு எப்போன்னு. அதுக்குத்தான் வருஷா வருஷம் போறேன். முட்டைக்கும் கேக்குக்கும் இல்ல."

யாரும் இதை அவளிடம் இதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருந்தது. ஆரோக்கியசாமி மனைவியை, அவள் வேறு யார் வீட்டிலிருந்தோ வந்தவள் போலப் பார்த்தார்.

வனஜா தரையிலிருந்து எழுந்தாள். தோளில் கிடந்த யோகா டவலைச் சரிசெய்துகொண்டாள்.

"நானும் எத்தனையோ துக்க வீட்டுக்குப் போயிருக்கேனுங்க்கா. எல்லா வீட்லயும் போனவங்க போனவங்கதான். திரும்பி வருவாங்கன்னு சோறு வடிச்சு வெச்சிட்டு உக்காந்திருக்கற வீடு இது ஒண்ணுதான். இந்த வீட்ல பொண்ணு எடுக்க எனக்குச் சம்மதமுங்க." கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "பதினாறு வேண்டாம். அவரு வந்ததும் ஞாயித்துக்கிழமையே வந்து பேசறோம்."

"ஆனா சண்டே நிர்மல்..." என்றார் ஆரோக்கியசாமி.

"சண்டே இவுங்க வரட்டும்" என்றாள் லூர்துமேரி.

"அவுங்களுக்கு வாக்குக் குடுத்துட்டமே."

"லஞ்ச்சுக்குத்தான் வரச் சொன்னோம். பொண்ணு குடுக்கறேன்னு எங்க சொன்னோம்? ஃபோனப் போட்டு, இப்ப வேண்டாம்னு சொல்லுங்க. எத்தினி பேருக்கு ஆர்டர் போட்ட ஆளு நீங்க?"

"டாடி, ப்ளீஸ்" என்றாள் ஸ்நேஹா.

ஆரோக்கியசாமி எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். சார்ஜ்மேன் குரல் திரும்ப வந்தது.

"ச்சலோ, ஆவட்டும். நான் பேசறேன். நான் பேசினா முடிஞ்சிது."

சபரி அவர் காலில் விழப் போனான். வனஜா அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். துக்க வீட்டில் ஆசீர்வாதம் வாங்கக் கூடாது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை.

பிறகு அவள் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். ரவிசந்திரன், "அப்ப நாங்க போயிட்டு..." என்று ஆரம்பித்தார். வனஜா அவர் முழங்கைக்கு மேலே ஓர் இடத்தில் கிள்ளினாள். வாக்கியம் பாதியில் நின்றது. மூன்று பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், சந்தைத் திருப்பம் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஆரோக்கியசாமி வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னா மேரி இது. ஒரு பை சொல்லல, டாட்டா சொல்லல. இவ்ளோ நேரம் நல்லாத்தானே பேசுனாங்க?"

"துக்க வீட்ல சொல்லிகினா போவாங்க?"

"நம்ம சர்ச்சுல எல்லாரும் பை அங்கிள், பை அங்கிள்னு சொல்லிட்டுத்தானே போனாங்க."

"அவுங்களுக்கு அது நாடகம்" என்றாள் லூர்துமேரி. "அந்தம்மாவுக்குத்தான் சாவு."

ஆரோக்கியசாமி கன்னத்தைத் தடவினார். விரலில் ரோஸ் ஒட்டியது. வேட்டி முனையில் துடைத்துக்கொண்டார்.

ஸ்நேஹா அலமாரியிலிருந்து ஃபோனை எடுக்கவில்லை. விதி விதிதான். ஆனால் அப்பாவின் ஃபோனைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, மொட்டை மாடிப் படியேறி, துணி காய்கிற கொடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். காய்ந்துகொண்டிருந்த போர்வைகளுக்கு நடுவில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ஆரம்பத்தில் கை ஆட்டிப் பேசினார். பிறகு கையைக் கீழே போட்டார். பிறகு வெகு நேரம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய குரல் கீழே கேட்காதது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

இறங்கி வந்தார்.

"பேசிட்டீங்களா?" என்றாள் லூர்துமேரி.

"பேசிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. புரிஞ்சிகினாங்க. நல்ல மனுஷங்க."

ஸ்நேஹா ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தேங்க்யூ டாடி. யூ ஆர் தி பெஸ்ட்." ஆரோக்கியசாமி மகளின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, நோன்புக் களைப்பு என்று சொல்லிவிட்டு ஈஸிசேரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

நிர்மலின் அப்பாவிடம் அவர் பேசியது, ஞாயிற்றுக்கிழமை மட்டனா கோழியா என்பதைப் பற்றி மட்டும்தான். மட்டன் என்று முடிவாயிற்று.